பெட்டியடியும் பேரேடும்: நகரத்தார் வட்டிக்கடைகளில் இளைஞர் பெற்ற தொழிற்பயிற்சி

முன்னுரை

தமிழ் வணிகரின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் கப்பலையும் துறைமுகத்தையும் சரக்கையும் நோக்குவர். அவ்வணிகத்தை நடத்திய இளைஞர் அத்தொழிலை எங்கே, எவரிடம், எம்முறையிற் கற்றனர் என்னும் வினா அத்துணைக் கவனம் பெறவில்லை. புகார் நகரத்து வணிகர் கொள்வதிலும் கொடுப்பதிலும் நடுநிலை பிறழாதவர் என்று பட்டினப்பாலை அவர்களைப் போற்றுகின்றது. அந்நடுநிலை அவர்தம் மக்கட்கு எவ்வாறு கைவந்தது என்பதைக் கூறுதல் அப்பாட்டின் நோக்கமன்று.

பிற்கால வணிகரைப் பொறுத்தவரை இவ்வினாவிற்கு விடை காண நமக்குச் சான்றுகள் உள. பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர் முதலிய இடங்களில் நாட்டுக்கோட்டை நகரத்தார் வட்டித்தொழில் நடத்தினர். அவர்தம் கணக்கேடுகள், 1929-30ஆம் ஆண்டுகளில் பர்மாவிலும் சென்னை மாகாணத்திலும் பணியாற்றிய வங்கி விசாரணைக் குழுக்களின் அறிக்கைகள், அத்தொழிலில் வழங்கிய சொற்கள், அதனைக் களமாகக் கொண்டெழுந்த நாவல்கள் ஆகியன அச்சான்றுகளாம்.

நகரத்தாருக்கு வட்டித்தொழில் பிறவியிலேயே அமைந்தது என்பார் உளர். குலத்தின் இயல்பே அவர்களை உயர்த்தியது என்பது அவர்தம் கருத்து. இக்கருத்து புகழுரை போலத் தோன்றினும் வரலாற்றை மறைப்பதாகும். பல்லாண்டுக் காலம் படிப்படியாகக் கற்பித்து, ஒவ்வொரு படியிலும் கணக்குக் கேட்டு, தவறியவரை நிறுத்தித் தேறியவரை உயர்த்திய ஒரு பயிற்சி முறையின் விளைவே அவ்வுயர்வு என்பது நம் துணிபு. அம்முறையின் அமைப்பையும், அதன் வலிமையையும், அதன் குறையையும் ஈண்டு ஆராய்வோம்.

1. திண்ணைப் பள்ளியும் எண்சுவடியும்

கடைக்குச் செல்லுமுன் சிறுவன் பெற்ற முதற்பயிற்சி எண்ணிற் பெற்ற பயிற்சியே. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் ஆகியன மனப்பாடமாகக் கற்பிக்கப்பட்டன. முழுவெண்களின் பெருக்கலோடு பின்னங்களின் பெருக்கலும் வாய்பாடாக அமைந்திருந்தமை இவற்றின் சிறப்பாகும். அரை, கால், அரைக்கால், வீசம் என்றும், மா, காணி, முந்திரி என்றும் இரு வரிசைகளாகப் பின்னங்கள் வழங்கின. மா என்பது 1/20, காணி 1/80, முந்திரி 1/320. வீசம் 1/16 ஆகும். பதினாறு அணா கொண்டது ஒரு ரூபாய் ஆதலின், ஓர் அணா என்பது ரூபாயின் வீசமே. ஆகவே பழைய எண்சுவடி புதிய நாணயத்திற்கும் பொருந்துவதாயிற்று.

இப்பயிற்சியின் பயனை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். வட்டி விகிதத்தை நூறு ரூபாய்க்கு மாதம் இத்தனை அணா எனக் கூறுவது அக்கால வழக்கம். நூற்றுக்கு 12 அணா என்றால் முக்கால் ரூபாய். ஆண்டிற்கு நூற்றுக்கு 9 ஆகும். 875 ரூபாய்க்கு இவ்விகிதத்தில் 20 நாள் வட்டி யாது? தொகையை எட்டேமுக்கால் நூறு எனக் கொள்ளுதல் வேண்டும். எட்டு முக்கால் ஆறு. முக்கால் முக்கால் அரையே வீசம். ஆக ஒரு மாதத்து வட்டி ஆறரையே வீசம், அதாவது 6 ரூபாய் 9 அணா. இருபது நாள் என்பது மாதத்தில் மூன்றில் இரு பங்கு ஆதலின், 105 அணாவில் 70 அணா. 4 ரூபாய் 6 அணா. வாய்பாடு நாவில் நிற்குமாயின் தாளும் எழுதுகோலும் இன்றியே இக்கணக்கு முடியும். கடன் கேட்டு வந்தவர் எதிரில் அமர்ந்திருக்கும்போதே வட்டியை மனத்தாற் கணித்துக் கூறும் திறமை வியப்பன்று. பத்து வயதிற்குள் ஓதப்பட்ட பாடத்தின் பயனே அது. நகரத்தார் அல்லாத பிள்ளைகளும் அத்திண்ணைகளில் இவ்வாய்பாட்டையே கற்றனர் என்பது பின்னர் நாம் கூறவிருக்கும் கருத்திற்கு அரணாவது.

வீட்டுச் சூழலும் இப்பயிற்சிக்குத் துணைநின்றது. மணமான மகனை ஒரே வீட்டினுள் தனி அடுப்பு வைத்து வாழச் செய்யும் 'வேறுவைத்தல்' என்னும் வழக்கம் நகரத்தாரிடையே உண்டு. ஆண்டுச் செலவிற்கெனக் குறித்த தொகையும் பண்டமும் அவ்விளங்குடும்பத்திற்கு அளந்து கொடுக்கப்படும். அதற்குள் குடும்பத்தை நடத்துதல் கணவன் மனைவி இருவர்க்கும் கணக்கிற் பயிற்சியாகும். கணவர் கடல் கடந்திருந்த ஆண்டுகளில் இக்கணக்கை நடத்தியவர் வீட்டுப் பெண்டிர் ஆதலின், கணக்கறிவு ஆடவர்க்கு மட்டும் உரியதாக இருந்திலது என்பதும் கருதற்குரியது.

2. பெட்டியடியிலிருந்து மேலாள் வரை

கடையில் வழங்கிய பதவிப் பெயர்களே பயிற்சியின் படிகளைக் காட்டுகின்றன. கடைசிப் படியில் இருப்பவன் பெட்டியடிப் பையன். அவனுக்கு மேல் அடுத்தாள். அவனுக்கும் மேல், கடைப் பொறுப்பு முழுவதையும் ஏற்பவர் மேலாள். ஆங்கிலத் தொடர்பால் ஏஜண்டு என்றும் அவரை அழைத்தனர். இவர்கட்கெல்லாம் மேலாக ஊரிலிருந்து மூலதனம் அளிப்பவர் முதலாளி. இப்பெயர்கள் இடத்தைக் கொண்டே அமைந்துள்ளமை நோக்கத்தக்கது. கைப்பெட்டியின் அடியில் இருப்பவன் பெட்டியடி. மேலாளுக்கு அடுத்து இருப்பவன் அடுத்தாள். எங்கு அமர்கின்றான் என்பதே எதைக் கற்கின்றான் என்பதையும் உணர்த்துவதாயிற்று.

சிறுவர் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே கடைக்கு வருவது உண்டு. கடையைத் துப்புரவு செய்தல், விளக்கேற்றுதல், கடிதம் கொண்டு செல்லுதல், நாணயங்களை எண்ணி அடுக்குதல், ஏடுகளை எடுத்துக் கொடுத்தல் ஆகியன தொடக்கத்திற் பெட்டியடிப் பையனின் பணிகள். இவை ஏவல் வேலைகளாகவே தோன்றும். ஆயினும் கைப்பெட்டியின் அருகில் இருக்கும் சிறுவன் கடன் கேட்டு வருவோர் அனைவரையும் காண்கின்றான். எவர் என்ன ஈடு காட்டினார், மேலாள் என்ன வினவினார், எவர்க்குக் கொடுத்தார், எவரை மறுத்தார் என்பவற்றை நாள்தோறும் கேட்கின்றான். பிறகு கடிதம் படியெடுக்கவும், நாட்கணக்கை எழுதவும், வட்டி கணிக்கவும் பழகுகின்றான். அடுத்தாளாக உயர்ந்தபின் தண்டலுக்குச் செல்கின்றான். கடனாளியின் வயலையும் கடையையும் நேரிற் கண்டு வருகின்றான். ஏட்டில் ஒரு வரியாக இருந்த பெயர் அப்பொழுதுதான் அவனுக்கு ஒரு மனிதராகின்றது.

மொழிப்பயிற்சியும் இவ்வாறே நிகழ்ந்தது. பர்மாவில் பர்மிய மொழியும், மலேயாவில் மலாய் மொழியும், இலங்கையில் சிங்களமும் பேசத் தெரியாதவர்க்கு மேலாள் பதவி இல்லை. இம்மொழிகளை அவர்கள் நூல் வழியாகக் கற்றாரல்லர். கடைவாயிலிலும் சந்தையிலுமே கற்றனர். நாணயமும் நாட்டிற்கு நாடு வேறுபட்டது. பர்மாவில் ரூபாயும் அணாவும் வழங்க, மலேயாவில் நூறு காசு கொண்ட வெள்ளி வழங்கியது. வீசத்திற் பழகிய மாணவன் அங்கே நூற்றுக்கூறுகளிற் கணிக்கக் கற்க வேண்டியிருந்தது.

கடையமைப்பும் கல்விக்கு ஏற்றதாக இருந்தது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் இருந்த கிட்டங்கிகளில் ஒரே நீண்ட கூடத்திற் பல விலாசங்களின் கடைகள் இயங்கின. விலாசம் என்பது முதலாளி குடும்பத்தின் முதலெழுத்துகளால் ஆகிய தொழிற்பெயர். ஒவ்வொரு விலாசத்திற்கும் ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி, சில ஏடுகள், அவ்வளவே. இரவில் அக்கூடமே உறைவிடமாகும். ஆகவே தன் கடை மேலாளின் செயலை மட்டுமன்றி, அயற்கடை மேலாளரின் செயலையும் சிறுவன் காண நேர்ந்தது. அவன் தவறும் பலர் கண்ணிற்பட்டது. அங்குத் தவறியவன் வேறொரு விலாசத்திற் சென்று மறைதல் எளிதன்று.

பணியின் காலம் பெரும்பாலும் மூன்றாண்டு. சம்பளச் சீட்டு என்னும் உடன்படிக்கையில் ஊரும் காலமும் சம்பளமும் குறிக்கப்படும். சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படுமுன்னரே குடும்பத்திற்குக் கொடுக்கப்படும். மூன்றாண்டு முடிந்ததும் அவர் ஊர் திரும்புவார், கணக்கு ஆராயப்படும், கணக்கு நேராயின் அடுத்த முறை உயர்ந்த படியும் மிகுந்த சம்பளமும் கிடைக்கும். சிறந்த மேலாளர்க்கு இலாபத்திலும் ஒரு பங்கு அளிப்பதுண்டு. இவ்வாறு சேர்த்த பொருளைக் கொண்டு தாமே கடை வைத்து முதலாளி ஆனோர் பலர். கற்பவன் ஒரு நாள் முதலாளி ஆகலாம் என்னும் நம்பிக்கையே அவன் பட்ட இடர்களைப் பொறுக்கச் செய்தது எனலாம்.

அவ்விடர்கள் சிறியனவல்ல. விளையாடும் பருவத்திற் பெற்றோரைப் பிரிந்து, மூன்றாண்டுகட்கு ஊர் காணாது, காலை முதல் இரவு வரை ஏவல் கேட்டு நின்றவன் பெட்டியடிப் பையன். அடியும் வசையும் கல்வியின் பகுதி என்றே அக்காலத்தார் கருதினர். நோயுற்று அயல்நாட்டிலேயே இறந்தோரும் உளர். இம்முறையின் பயனைப் பாராட்டும்போது அதன் விலையைச் செலுத்தியவர் சிறுவர் என்பதை மறத்தல் ஆகாது.

3. ஏடுகளே ஆசிரியர்

பயிற்சியின் நடுநாயகமாக விளங்கியது கணக்கெழுதுதல். அன்றாட வரவு செலவு முதலில் நாட்குறிப்பிற் பதியப்பெறும். பின்னர் ஒவ்வொருவர் பேரிலும் பிரித்துப் பேரேட்டில் எழுதப்பெறும். பேர் ஏறும் ஏடு ஆதலிற் பேரேடு என்பர். இறுதியில் வரவும் பற்றும் நேர்ப்படுகின்றனவா என்பதைக் காட்டும் ஐந்தொகை அமைக்கப்பெறும். ஏடெழுதுவதில் நேர்ந்த ஒரு பிழை பேரேட்டில் மறைந்து நிற்பினும் ஐந்தொகையில் வெளிப்படுவதுண்டு. ஆசிரியர் கண்டிக்குமுன் ஏடே கண்டிக்கின்றது. பிழை எங்குள்ளது எனத் தேடிப் பின்னோக்கிச் செல்லும் மாணவன் ஒவ்வொரு செயலையும் மறுமுறை கற்கின்றான். இதனினும் சிறந்த பயிற்சி முறையை அமைத்தல் அரிது.

ஊரிலிருந்த முதலாளிக்குக் கணக்கின் படிகளும் கடிதங்களும் ஒழுங்காகச் சென்றன. நூற்றுக்கணக்கான கல் தொலைவிலிருந்து அவர் தம் பணத்தைக் காத்தது இவற்றின் வழியாகவே. ஆகவே கணக்கு என்பது தொழிலின் கருவியாகவும், பயிற்சியின் பாடமாகவும், நம்பிக்கையின் சான்றாகவும் ஒருங்கே விளங்கிற்று.

வட்டி விகிதமும் ஒவ்வொருவர் விருப்பப்படி அமைந்ததன்று. கடைகள் தமக்குள் கொடுத்து வாங்கும் பணத்திற்கு நடப்பு வட்டி என்றும், குறித்த காலத்திற்கு வைக்கும் பணத்திற்குத் தவணை வட்டி என்றும் பெயர். இரங்கூன் மொகல் தெருவிற் கூடிய நகரத்தார் மாதந்தோறும் நடப்பு வட்டியை முடிவு செய்தனர். சந்தையிற் பணம் தாராளமாக உள்ளதா, முட்டுப்பாடாக உள்ளதா என்பதை இளைஞர் அவ்விகிதத்தின் ஏற்ற இறக்கத்தால் அறிந்தனர்.

பர்மிய வங்கி விசாரணைக் குழுவின் மதிப்பீட்டின்படி அந்நாட்டில் இருந்த நகரத்தார் கடைகள் ஏறத்தாழ 1,650. அவை கையாண்ட பணம் ஏறத்தாழ 75 கோடி ரூபாய். ஒரு கடைக்கு மூவர் எனக் குறைத்துக் கணக்கிடினும், ஒரே காலத்தில் ஏறத்தாழ ஐயாயிரவர் பயிற்சி பெற்ற பணியாளர் பர்மாவிற்கு மட்டும் வேண்டியிருந்தனர். மூன்றாண்டுக்கொருமுறை அவர்கள் மாறினர் என்பதையும் எண்ணுதல் வேண்டும். கல்லூரியோ தேர்வோ சான்றிதழோ இன்றி இத்தொகையினரை இடையறாது உருவாக்கியது இப்பெட்டியடிப் பள்ளியே.

4. பிறப்போ, பயிற்சியோ

இத்திறமை குலத்தின் தனியுரிமையாயின், அக்குலத்தார் அல்லாதவர் இத்தொழிலில் நிலைத்திருத்தல் இயலாது. உண்மை அவ்வாறில்லை. கடல் கடந்த ஊர்களில் நகரத்தாரைப் போன்றே கடையும் ஏடும் படிமுறையும் அமைத்து வட்டித்தொழில் நடத்திய பிற குலத்தாரும் இருந்தனர். 1938-இல் சுமாத்திராவின் மேடான் நகருக்கு வேலைக்குச் சென்ற ப. சிங்காரம், அவ்வுலகைத் தம் நாவல்களில் பதிவு செய்துள்ளார். பெட்டியடி, அடுத்தாள் முதலிய சொற்களின் வழக்கை அவற்றிற் காணலாம்.

அவர்தம் 'கடலுக்கு அப்பால்' 1959-இல் வெளிவந்தது. பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வயிரமுத்துப் பிள்ளையும், அவரிடம் தொழில் பயின்ற செல்லையாவும் அதன் தலைமாந்தர். செல்லையாவிற்கே தம் மகளைக் கொடுக்க எண்ணியிருந்த பிள்ளை, அவன் போர்க்காலத்தில் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்து திரும்பியபின் அவ்வெண்ணத்தைக் கைவிடுகின்றார். துப்பாக்கி ஏந்தியவன் வட்டித்தொழிலுக்கு ஆகான் என்பது அவர் முடிபு. இக்கதை நம் ஆராய்ச்சிக்கு இரு வகையிற் பயன்படுகின்றது. பிள்ளை நகரத்தார் அல்லர். ஆயினும் முறை அதுவே. மேலும், அப்பயிற்சி கணக்கை மட்டும் கற்பிக்கவில்லை. பணிவையும் பொறுமையையும் உள்ளத்திற் பதித்தது. ஆணைக்கு அடங்கும் உள்ளம் வேண்டும். அஃது அடுத்தாளின் உள்ளமாக இருத்தல் வேண்டும், படைவீரனின் உள்ளமாக இருத்தல் கூடாது என்பது முதலாளியின் எதிர்பார்ப்பு. பிறப்பால் அமைவதாயின் அது போர்க்களத்தில் மாறியிருத்தல் இயலாது.

5. பயிற்சி கற்பியாதது

இத்துணைச் சிறந்த முறையினுள்ளும் ஒரு பெருங்குறை இருந்தது. அது 1930-ஐ ஒட்டி நெல்விலை வீழ்ந்தபோது வெளிப்பட்டது. கீழ்ப்பர்மாவின் உழவர் நிலத்தை ஈடுவைத்துக் கடன் பெற்றிருந்தனர். நெல் விலைபோகாமையின் வட்டியும் முதலும் நின்றன. ஈடு மூழ்கி நிலங்கள் கடன் கொடுத்தோர் கைக்கு வந்தன. பர்மாவின் முதன்மையான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930-இல் நகரத்தார் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1937-இல் அது நூற்றுக்கு 25 பங்காயிற்று.

பெட்டியடியில் அமர்ந்து கற்றவன் ஒவ்வொரு கடனாளியையும் தனித்தனியே அளந்தறிய வல்லவன். இவர் நேர்மையானவரா, இந்நிலம் இத்தொகைக்கு ஈடாகுமா என்னும் வினாக்களுக்கு அவனிடம் விடையுண்டு. ஆயின் எல்லாக் கடனாளிகளும் ஒரே பயிரை நம்பி நிற்கின்றனர் என்பதையும், அப்பயிரின் விலை தொலைநாட்டுச் சந்தையில் வீழின் எல்லா ஈடுகளும் ஒருங்கே பயனற்றுப் போகும் என்பதையும் அவனுக்குக் கற்பிப்பார் இலர். பேரேட்டின் ஒரு பக்கத்தில் ஒருவர் கணக்கே உண்டு. பக்கங்கள் அனைத்தையும் ஒருங்கே நோக்கி நாட்டின் நிலையை அறியும் கல்வி அப்பள்ளியில் இல்லை. ஒரே முறையிற் பயின்றோர் ஆயிரக்கணக்கில் இருந்தமையின் அவர்கள் ஒரே முறையில் தவறினர். எது வலிமையோ அதுவே குறையும் ஆயிற்று.

மற்றொன்றும் கூறுதல் வேண்டும். பர்மிய மொழியைக் கற்ற இளைஞர் தண்டலுக்கு வேண்டும் அளவே அதனைக் கற்றனர். தம் முன்னோர் காடழித்துத் திருத்திய வயலை இழந்த உழவரின் மனத்துயர் எத்தகையது என்பது ஏட்டில் ஏறும் பொருளன்று. அத்துயரம் வெறுப்பாக முற்றியதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பால் பல்லாயிரவர் அந்நாட்டை விட்டு வெளியேறினர். விடுதலை பெற்ற பர்மா 1948-இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் இயற்றியது. தலைமுறைகளின் தொழில் அங்கு அவ்வளவில் முடிந்தது.

6. புதிய வங்கிகளும் பழகுநரும்

இதனிடையே தமிழ்நாட்டில் வேறு வகை நிறுவனங்கள் தோன்றியிருந்தன. 1906-இல் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்ததன் விளைவாக, 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. அதனை உருவாக்கியதில் வி. கிருஷ்ணசாமி ஐயரோடு நகரத்தார் பெருமக்களுக்கும் பங்குண்டு. 1937-இல் மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்றிடங்களில் அது ஒருங்கே தொடங்கப்பெற்றது. இந்நிறுவனங்களில் உறவினும் தேர்வே வாயிலாயிற்று. 1928-இல் அமைந்த இந்திய வங்கியாளர் கழகம் பணியாளர்க்குத் தேர்வுகளை நடத்தியது. 1969-இல் இவ்விரு வங்கிகளும் நாட்டுடைமையாயின. எக்குலத்தாரும் ஆணும் பெண்ணும் கணக்குமேசையில் அமரும் நிலை வந்தது. இது பழைய முறை கனவிலும் கருதாத நன்மை.

1961-இல் இயற்றப்பெற்ற தொழிற்பழகுநர் சட்டம் முதலில் ஆலைத்தொழில்களையே பெரிதும் நோக்கியது. 2014-இல் திருத்தம் பெற்றபின் பொறியியல் அல்லாத பட்டதாரிகட்கும் அது வழிவகுத்தது. அச்சட்டத்தின்கீழ் வங்கிகள் பட்டதாரி இளைஞரைப் பழகுநராக ஏற்று உதவித்தொகை அளித்துப் பயிற்றுகின்றன. வயதுவரம்பும் கால எல்லையும் சட்டப் பாதுகாப்பும் இங்கு உண்டு. பெட்டியடிப் பையனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை. ஆயின் பயிற்சி முடிந்தவுடன் வேலை உறுதி என்பதும் இங்கில்லை. பெட்டியடியின் மேல் அடுத்தாள் என்னும் படி இருந்தது. பழகுநரின் மேல் எப்படி உள்ளது என்பது இன்றைய அமைப்பாளர் எண்ணுதற்குரியது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. நகரத்தாரின் தொழில்திறம் பிறவிப்பேறு அன்று. எண்சுவடி, பெட்டியடி, பேரேடு என்னும் மூன்றின் வழி வந்த பயிற்சிப்பேறு. பொறுப்பைப் படிப்படியாக ஏற்றியமையும், ஒவ்வொரு படியின் இறுதியிலும் கணக்குக் கேட்டமையும் அதன் வலிமை. ஒரு குலத்துள் அடங்கியமையும், தனிக்கணக்கைக் கற்பித்து நாட்டின் நிலையைக் கற்பியாமையும் அதன் குறை.

பழகுதல் என்னும் தமிழ்ச்சொல்லுக்குக் கைவரச் செய்தல் என்பதும், ஒருவரோடு உறவு கொள்ளுதல் என்பதும் பொருளாம். பணத்தொழிலைக் கற்கும் இளைஞர்க்கு இவ்விரண்டும் வேண்டும். கணக்கு இன்று பொறியின் வேலையாகிவிட்டது. கடன் கேட்டு வருபவரின் நிலையையும், அவர் கடனைத் திருப்ப இயலாது போயின் அவர் குடும்பம் என்னாகும் என்பதையும் எண்ணும் உள்ளம் பொறியால் வருவதன்று. பழைய கடைகள் முதற்பொருளில் நிறைவாகப் பழக்கின. இரண்டாவதிற் குறையாக நின்றன. அக்குறைக்கு அவர்களும் பர்மிய உழவரும் கொடுத்த விலையை அறிந்துள்ள நாம், இரண்டையும் ஒருங்கே கற்பிக்கும் கடப்பாடுடையோம்.